அலுமாரிக்குப் பின்னால் நின்ற காற்று

மோட்டர்தான் நல்லது என்று ஒற்றைக்காலில் நின்றேன். மூன்று கிழமையாக அதையே சொல்லிச் சொல்லி என் குரல் எனக்கே புளித்துப்போயிருந்தது. தொழில்நுட்பக் கல்லூரியில் நானும், கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிற என் கூட்டாளியும் சேர்ந்து ஒரு போட்டிக்கு றோபோ செய்துகொண்டிருந்தோம். அதன் கை ஒரு பெட்டியை மேல்தட்டு உயரத்துக்குத் தூக்கி, நடுவர் பத்து எண்ணும் மட்டும் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கைக்கு மோட்டர் போடுவதா, காற்று போடுவதா என்பதுதான் எங்கள் சண்டை.

அவளுடைய வாப்பா பஸ் திருத்துகிறவர். பஸ் கதவைத் திறந்து மூடுகிற காற்றுத் தண்டு ஒன்றைக் கழற்றி, துடைத்து, பேப்பரில் சுற்றி அனுப்பியிருந்தார்.

"இத வெச்சா ஒரே தள்ளுல மேல போவும் புள்ள. போனா அங்கேயே நிக்கும். மோட்டர் அப்பிடியா? பிடிச்சிட்டு நிக்க நிக்க சூடாவும்," என்றாள். சரியாகத்தான் சொன்னாள். சரியாகச் சொல்கிறவர்களைக் கண்டால் அந்த நாட்களில் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

"நடுவில நிப்பாட்ட ஏலாது. மேல, இல்லாட்டிக் கீழ. அவ்வளவுதான் உன்ர காத்து."

"நடுவில நிப்பாட்டி என்ன செய்யப் போறாய், போட்டோ எடுக்கவா?"

காற்றிலும் ஒரு சிக்கல் இருந்தது. போட்டி மண்டபத்தில் காற்று தரமாட்டார்கள், அவரவர்தான் கொண்டுபோக வேண்டும். சைக்கிள் பம்பால் ஒரு போத்தலுக்குள் அடித்து வைத்தால் கை இரண்டு தரம் எழும்பும், மூன்றாம் தரம் பாதியில் நிற்கும். அவள் என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள்.

"உங்கட வீட்டுல சுழியோடுற சிலிண்டர் ஒண்டு நிக்குது தானே?"

நின்றது. அப்பா சுழியோடி. துறைமுகப் பக்கம் தண்ணிக்குள் இறங்கிப் படகுகளின் அடி பார்ப்பார், அறுந்துபோன நங்கூரம் தேடுவார். வேலைக்கு முதல்நாள் பின்னேரமே சிலிண்டரை நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது சுழியோடிகளுடைய வழக்கம். விடியக் கம்பிரசரடியில் காத்து நிற்க ஒருத்தருக்கும் பொறுமை கிடையாது. நிரப்பினதைச் சும்மா திறந்துவிட்டால் அப்பாவுக்குப் பொல்லாத கோபம் வரும். சின்னதில் வால்வைத் திருகி விளையாடி அடி வாங்கியிருக்கிறேன்.

கடைசியாகவும் அப்படித்தான் நிரப்பிக் கொண்டுவந்து அலுமாரிக்குப் பின்னால் நிறுத்தினார். விடிய, வேலைக்குப் போகமுதல் பேப்பர் வாங்க பஸ் நிலையத்தடிக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவ்வளவுதான்.

நான் அழவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன், தேத்தண்ணி கொடுத்தேன். பிறகும் ஒன்றும் வரவில்லை. கையைத் தலைக்குக் கீழே வைத்துப் படுத்து எழும்பினால் அது வேறு யாருடையதோ கை மாதிரிக் கிடக்குமே, எனக்கு ஆள் முழுக்க அப்படி இருந்தது. அந்தச் சிலிண்டரைப் பார்க்கும்போது மட்டும் எங்கேயோ கொஞ்சம் நோகும். அடுத்தநாள் மூச்சு விடவென்று அப்பா வாங்கி வைத்த காற்று அதற்குள் இருந்தது. நான் தூசி துடைப்பேனே தவிர அசைத்துப் பார்த்ததில்லை. அதைத் திறந்து ஒரு பெட்டியைத் தூக்கக் கொடுக்க என்னால் ஏலாது. இதைக் கூட்டாளியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே மோட்டர்.

போட்டிக்கு யார் போவது என்று கல்லூரிக்குள் தெரிவு வைத்தார்கள். படிப்பிக்கிற சேர் எண்ணத் தொடங்கினார். நாலில் றோபோவின் கை நடுங்கியது. ஆறில் எரிந்த மணம் வந்தது. ஏழில் புகை. பெட்டி சேரின் சப்பாத்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

"வெள்ளிக்கிழமை இன்னொருக்காப் பாப்பம். அதோட சரி," என்றார்.

அவள் என்னை ஏசவில்லை. சூடு ஆறமுதல் மோட்டரைக் கழற்றப்போய் விரலைச் சுட்டுக்கொண்டாள். விரலை வாயில் வைத்து எடுத்துவிட்டு, "உனக்கு ஏதோ இருக்கு. சொல்லாட்டிப் பரவாயில்ல. ஆனா இது என்ர போட்டியும்தான்," என்றாள்.

அன்புவழிபுரத்தில் பஸ்ஸால் இறங்கி நேரே வீட்டுக்குப் போனேன். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பான்ர சிலிண்டரை எடுக்கட்டா?"

"எடன்."

இவ்வளவு லேசாகச் சொல்வார் என்று நினைக்கவில்லை. அலுமாரியை நகர்த்தி, பாரமாக இருக்கும் என்று காலை ஊன்றிக்கொண்டு தூக்கினேன். நினைத்ததைவிட லேசாக வந்தது. அழுத்தமானியைப் பூட்டி வால்வைத் திறந்தேன். முள் பூச்சியத்தில் கிடந்தது.

"அம்மா, இது வெறுஞ் சிலிண்டர்."

துருவுகிற சத்தம் நின்றது. "ஓம். முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிஞ்சு ஆக்களெல்லாம் போனாப்பிறகு, காத்து வெளியில போகாமக் கதவு யன்னலைச் சாத்திப்போட்டு அதைத் திறந்துவிட்டனான். முடியுமட்டும் பக்கத்தில இருந்தனான்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே!"

"நீ அழவே இல்லையே பிள்ளை. உனக்கு இதெல்லாம் தேவையில்லையாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

அடுத்தநாள் சிலிண்டரைக் கம்பிரசரடிக்குக் கொண்டுபோய் நிரப்பினோம். வெள்ளிக்கிழமை பஸ் கதவுத் தண்டு பெட்டியை ஒரே தள்ளில் தூக்கியது. சேர் பத்து எண்ணி முடித்தும் கை இறங்கவில்லை. கூட்டாளி என் முதுகில் ஓங்கி அடித்து, "நாங்க வெண்டிட்டம்டி!" என்று கத்தினாள். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. சிரித்தும் வைத்தேன்.

பின்னேரம் சிலிண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்தினேன். "இன்னும் பாதிக்கு மேல கிடக்குது," என்றேன். அம்மா எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினார். பிறகு கதவை.

"அம்மா, இது அப்பா நிரப்பின காத்து இல்லை."

"தெரியும்," என்றவர் நிலத்தில் உட்கார்ந்து, தனக்குப் பக்கத்தில் கையால் தட்டினார். "நீ இப்பிடி வந்து இரு."

நான் போய் இருந்தேன். அம்மா வால்வைத் திறந்தார்.