மகாராஜாவுக்கு எந்தப் பெட்டி?

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் இன்று நாட்டின் முதல் பொதுத்தேர்தல். பள்ளிக்கூடத்து வாசலில் நின்று வரிசையை வேடிக்கை பார்க்கிறேன். பெண்கள் வரிசையிலிருந்து பூக்காரி ரங்கம்மா கோபத்தோடு விலகி வருகிறாள். பின்னாலேயே அவள் கணவர் ஓடி வருகிறார்.

"என்னம்மா ஆச்சு?" என்கிறேன்.

"ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி வச்சிருக்காங்க. மகாராஜாவுக்கு மட்டும் இல்லையாம், சாமி! அப்புறம் எதுக்கு ஓட்டு?"

"அவர் தேர்தல்ல நிக்கலைம்மா. டில்லி பார்லிமென்டுக்கு ஒரு ஓட்டு, பெங்களூர் சட்டசபைக்கு ஒரு ஓட்டு. சட்டசபைக்கு ஜெயிக்கிறவங்க பெங்களூர்ல கூடிச் சட்டம் போடுவாங்க. மகாராஜா ராஜப்பிரமுகரா, அதாவது கவர்னர் மாதிரி இருந்து, அதுல கையெழுத்துப் போடுவார்."

"ஹௌதா, அப்படியா? அவருக்குப் பிடிக்கலைன்னா?"

"இன்னொரு தடவை யோசிங்கன்னு திருப்பி அனுப்பலாம். மறுபடியும் அதையே அனுப்பினா பெரும்பாலும் ஒப்புக்கத்தான் வேணும்."

ரங்கம்மா கணவரைத் திரும்பிப் பார்க்கிறாள். கோபம் போய்ச் சிரிப்பு வருகிறது.

"அட, நம்ம வீட்டு வழக்கம்தான்!" என்று சொல்லிவிட்டு மறுபடி வரிசையில் போய் நிற்கிறாள்.

அவள் காதில் விழாத தூரம் போனதும் கணவர் என் பக்கம் குனிகிறார்.

"மகாராஜா குடுத்து வச்சவரு சாமி. ஒரு தடவையாவது திருப்பி அனுப்பலாமே!"