கோட்டுக்கு வெளியே எங்கள் சந்து

போன சனிக்கிழமை லாந்தர் கண்ணாடி வாங்கப் பதுளைக் கடைவீதிக்குப் போயிருந்தேன். மழையில் நனைந்துகொண்டு போய் நின்றதுதான் மிச்சம்.

"நாளைக்கு ரயில்ல வருதுங்க" என்றார் கடைக்காரர் செல்லையா. சிரித்த முகம்.

போன வாரமும் இதையேதான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. நம் கடைவீதியில் 'இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்கிற வியாபாரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கல்லாவுக்குப் பக்கத்தில் அந்த வார்த்தை வந்தால் லட்சுமி இறங்கிப் போய்விடுவாளாம். வாடிக்கைக்காரர் மனம் நோகக் கூடாது என்கிற மரியாதையும் உண்டு. நமக்குத்தான் பழகிவிட்டதே... தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

இந்த மரியாதையை நம்பி ஒருவர் பதவியையே தொலைத்தார். என் நண்பர் ராமலிங்கம்.

அவர் வண்டிக் கான்ட்ராக்டர். ஹாலிஎல, தெமோதரைத் தோட்டங்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் அவருடைய மாட்டு வண்டிகள்தான் அரிசி ஏற்றிப் போகும். ரயில் வந்தது, வண்டிகள் படுத்துவிட்டன. ரயில் போகாத மடுல்சீமைப் பக்கம் மட்டும் இன்னும் ஓடுகின்றன. மனிதருக்கு மிஞ்சியது ஒன்றுதான் — நகரசபையில் கடைவீதி வட்டாரத்து மெம்பர் பதவி. வீதியில் இறங்கினால் நாலு பேர் "மெம்பர் ஐயா" என்று கூப்பிட வேண்டும். அதில்தான் அவர் உயிர் இருந்தது.

போன எலக்‌ஷனுக்கு முன்னால் வட்டார எல்லைகளைத் திருத்தி வரையப் போவதாகப் பேச்சு வந்தது. மெம்பர்களிடம் யோசனை கேட்டார்கள். ராமலிங்கம் ஒரு மேப்பைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நமக்குப் போடுறவங்க கோட்டுக்கு உள்ள. போடாதவங்க வெளிய. அவ்வளவுதாங்க விஷயம்!"

"மடுல்சீமைத் தோட்டத்து லயத்துல எல்லாரும் உங்க வண்டி அரிசியைத்தானே சாப்பிடுறாங்க? அவங்களையும் உள்ள இழுத்துப் போடுங்களேன், அண்ணே" என்றேன்.

"தோட்டத்து ஆளுங்களுக்கு ஏதுங்க வோட்டு?" என்றார். வேடிக்கையாகக் கேட்ட எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

யார் போடுவார்கள், யார் போடமாட்டார்கள் என்று தெரிய வேண்டுமே? என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கடைவீதியில் ராஜ உபசாரம்தான். வெற்றிலைத் தட்டு, தேத்தண்ணி, உட்கார நாற்காலி. வோட்டைப் பற்றி வாயைத் திறந்ததுமே எல்லாக் கடையிலும் ஒரே பதில்.

"உங்களுக்கு இல்லாததா, மெம்பர் ஐயா?"

அப்புறம் எங்கள் சந்துக்கு வந்தோம். மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கிற சந்து. தையல்காரர் சூசை மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"எத்தனை மழை போச்சுங்க! தண்ணிப் பீலி உடைஞ்சபடியே கெடக்கு. சேத்துத் தண்ணியத்தான் பொம்பளைங்க புடிச்சிட்டு வராங்க. நீங்க என்னத்துக்குங்க மெம்பரு?"

சந்தே கூடிவிட்டது. ஆளுக்கொரு குறை, ஆளுக்கொரு வசை. நாற்காலியும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை. ராமலிங்கத்தின் முகம் கறுத்துப்போனது.

எப்படிச் சொன்னாரோ, யாரைப் பிடித்தாரோ... அவர் விருப்பப்படியே கோடு விழுந்தது. கடைவீதி நெடுக நேராக வந்த கோடு, மாதா கோவில் மூலையில் மட்டும் பொரித்த அப்பளம் மாதிரி உள்பக்கமாகச் சுருண்டது. எங்கள் சந்து அடுத்த வட்டாரத்துக்குப் போய்விட்டது.

"நானும் அந்தச் சந்துலதானே இருக்கேன், அண்ணே?"

"உங்க ஒரு வோட்டு... போனாப் போகுதுங்க" என்று சிரித்தார்.

எலக்‌ஷன் நடந்தது. ராமலிங்கம் தோற்றார்.

அவரை எதிர்த்து நின்றவரும் அதே கடைகளில் ஏறியிருக்கிறார். அதே வெற்றிலைத் தட்டு, அதே நாற்காலி, அதே "உங்களுக்கு இல்லாததா?" கடைவீதியிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். லாந்தர் கண்ணாடி விஷயத்தில் எல்லாருக்கும் தெரியும். தன் விஷயம் என்று வரும்போதுதான் எவருக்கும் தெரிவதில்லை.

சில நாள் கழித்து, தைக்கக் கொடுத்திருந்த கோட்டு ஒன்றை வாங்கி வர சூசையிடம் போனேன். பேச்சு எலக்‌ஷன் பக்கம் போனது.

"பாவங்க, ராமலிங்கம் ஐயா. எங்க சந்து கோட்டுக்கு உள்ள இருந்திருந்தா கெலிச்சிருப்பாரு. அவருக்குத்தான் போடுறதா இருந்தோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏன் அன்னைக்கு அப்படித் திட்டினீங்க?"

சூசை நூலைப் பல்லால் கடித்தார். "நம்ம ஆளு, அதான் திட்டினோம். வோட்டுப் போடப் போறதில்லேன்னா எதுக்குங்க வாயை வலிக்க வைக்கணும்?"

இதை அப்படியே ராமலிங்கத்திடம் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அந்தப் பழைய மேப்பை எடுத்து விரித்து, மாதா கோவில் மூலையை விரலால் தடவினார். கடைசியில் நிமிர்ந்து, குழந்தை மாதிரி கேட்டார்:

"நீங்களாவது எனக்குப் போட்டிருப்பீங்கதானே?"

அவர் மனம் நோகக் கூடாதே என்ற அவசரம் எனக்கு. வாய் முந்திக்கொண்டது.

"உங்களுக்கு இல்லாததா, அண்ணே?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...! பேசாமல் நானும் அவரை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.