கால் நிமிடம் மெதுவாக ஓடிய இசைத்தட்டு

அந்த இசைத்தட்டு என் வீட்டுக்கு வந்தது 1959 மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. பிரான்சுக்குக் கப்பலேறவிருந்த ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தது. நான் ரெக்கார்ட் பிளேயரை வாங்கினேன். கூட இருந்த தட்டுகளை எனக்கு முன்னால் வந்தவர்கள் பொறுக்கி எடுத்துப் போயிருந்தார்கள். ஒன்று மட்டும் பெட்டியின் அடியில் மிஞ்சிக் கிடந்தது. அதைச் சும்மாவே கொடுத்தார்கள்.

அமெரிக்க ஜாஸ். டெனர் சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம் என்று நான்கே பேர். இந்த வகைக்கு 'ஹார்ட் பாப்' என்று பெயர் என்பதை வாசகசாலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன். அதன் பழைய இதழ்களைப் புரட்டியதில் இந்தத் தட்டைப் பற்றி இரண்டு வரி கிடைத்தது. குறை சொல்லும் அளவுக்குக்கூட அவர்கள் அதைப் பொருட்படுத்தியிருக்கவில்லை.

எனக்கோ அதுதான் வேண்டியிருந்தது. பிரெஞ்சு ஆட்சி எங்கள் ஊரைவிட்டுப் போன 1954 நவம்பருக்குப் பிறகு எங்கள் நிலப்பதிவு அலுவலகத்தில் பிரெஞ்சுக் கோப்புகளை ஆங்கிலத்தில் எழுதும் வேலை ஆரம்பித்தது. ஒரே மனிதனின் ஒரே மனையை இரண்டு மொழியில் எழுதி, இரண்டும் ஒன்றுதான் என்று மூன்றாவது தாளில் கையெழுத்திட வேண்டும். ஐந்து வருஷம் ஆகியும் அலமாரி குறையவில்லை. ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு இந்தத் தட்டைப் போட்டு நாற்காலியில் சாய்வேன். மற்ற ஆறு நாளும் அதற்காகத்தான் போய்வந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

இரண்டாம் பக்கத்தில் நடுவில் வரும் ப்ளூஸ் என்ற சோகச்சாயல் உருப்படிதான் எனக்கு உயிர். டிரம் முதலில் நடை போடும். பியானோ இரண்டு வார்த்தை பேசி ஒதுங்கும். சாக்ஸபோன் உடனே வராது. கொஞ்சம் பிந்தி வந்து, ஒரே சின்ன வாக்கியத்தை மூன்று முறை சொல்லும். நான்காம் முறை கடைசி சுரத்தைச் சொல்லாமல் விட்டுவிடும். அந்த இடத்தில் வாசிப்பவர் மூச்சு வாங்குவது கேட்கும். நாள் முழுக்க எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிற ஒருவன் விடும் மூச்சு அது என்று நினைத்துக்கொள்வேன். கெட்டிக்காரத்தனம் காட்டாத வாசிப்பு. அதனாலேயே பத்திரிகைக்காரர்கள் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

எதையும் தேதியிட்டு எழுதிவைப்பது என் பழக்கம். இந்தத் தட்டுக்கும் கட்டம் போட்ட ஒரு நோட்டு உண்டு. கேட்ட நாள், கேட்ட பக்கம், கைக்கடிகாரத்தில் பார்த்த நேரம், கடைசிக் கட்டத்தில் மிஷினுக்கு எண்ணெய் விட்ட நாள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு தவறாமல் எண்ணெய் விடுவேன். ப்ளூஸின் நீளம் ஆறு நிமிடம் என்று தட்டின் நடுவில் அச்சிட்டிருந்தது. என் கடிகாரம் ஆறே கால் காட்டியது. 'அச்சுப்பிழை' என்று ஓரத்தில் குறித்துவைத்தேன். அரசாங்கத் தாள்களில் வருஷக்கணக்காகப் பிழை பொறுக்கியவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

ரெட்டியார்பாளையத்தில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். பிரெஞ்சு ராணுவ பேண்டில் சாக்ஸபோன் வாசித்துவிட்டு பென்ஷனில் ஊர் திரும்பியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். நான் ஆபீஸ் உத்தியோகஸ்தன் என்பதால் அவர் என்னைக் கேலியாக, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முஸ்யே என்பார். மாதா கோயில் திருவிழாவிலும் கல்யாணங்களிலும் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். 1961 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ப்ளூஸோடு கூடவே வாசித்துப் பார்க்க வேண்டும் என்று வாத்தியத்தோடு வந்தார்.

சேரவில்லை. அவர் ஊதியது தட்டைவிடக் கிட்டத்தட்ட அரைச் சுருதி மேலே நின்றது.

"கேட்டியா முஸ்யே, அது ஒரு பக்கம் போவுது, நான் ஒரு பக்கம் போறேன்."

"அந்த நாணல் ரீட் பழசா இருக்கும் அண்ணே."

"ரீட்டு புதுசு. ஒதடுதான் பழசு."

அடுத்த மூன்று ஞாயிறும் வந்தார். சுருதி இறங்கட்டும் என்று வாயில் வைக்கும் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார். "இன்னும் இழுத்தா கையோட வந்துடும்," என்று ஒருநாள் சிரித்தார். நான்காம் ஞாயிறு சிரிக்கவில்லை. அவர் மனைவி என்னைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டார்: "என்னா போட்டுக் காட்டுற நீ? பாட்டு கேக்கப் போறேன்னு போயிட்டு, எழவு வூட்டுக்குப் போன மாரி மூஞ்ச வச்சிக்கினு வர்றாரு."

பிறகு ஒரு வியாழக்கிழமை மாலை அவரே வந்தார். வாத்தியம் கையில் இல்லை.

"திருவிழாவுக்கு வேற ஆள் பாத்துக்கோங்கன்னு கோயில்ல சொல்லிட்டேன். கடலூர்லேர்ந்து ஒரு பேண்ட் மாஸ்டர் ஞாயித்துக்கெழம வர்றாரு. வாத்தியத்தக் குடுத்துடப் போறேன்."

"எதுக்குண்ணே அவசரம்?"

"காது போயிடுச்சி. காது போனவன் கையில வாத்தியம் இருந்தா ஊருக்குத்தான் தொந்தரவு."

அவர் போன பிறகு, அவர் வந்துபோன ஞாயிறுகளைச் சரிபார்க்க நோட்டை எடுத்தேன். ஏதோ ஒரு சந்தேகத்தில் தட்டில் உள்ள ஆறு உருப்படிகளையும் ஓடவிட்டு நேரம் பார்த்தேன். எல்லாமே நீளம். ஆறு நிமிடத்துக்குக் கால் நிமிடம் கூடுதல், எட்டு நிமிடத்துக்கு இருபது விநாடி கூடுதல். அச்சுப்பிழை இப்படிக் கணக்குப் பார்த்து வராது. மெதுவாக ஓடியது மிஷின். மெதுவாக ஓடினால் சுருதியும் இறங்கும். அவர் மேலே போகவில்லை, தட்டுதான் கீழே கிடந்தது. எண்ணெய் விட்ட தேதிகளின் கடைசிக் கட்டத்தைப் பார்த்ததும் மீதியும் விளங்கியது. மூடியைக் கழற்றினேன். தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரத்தில் நான் மாதாமாதம் விட்ட எண்ணெய் ஊறி, அது வழுக்கிக்கொண்டிருந்தது.

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தால் ஐந்து நிமிட வேலை. அன்று நான் துடைக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் துடைக்கவில்லை. வெட்கம் ஒரு காரணம்தான். அந்த சாக்ஸபோன்காரர் என்னைப் போலவே அலுத்தவர் என்று இரண்டு வருஷத்துக்கு மேல் நம்பியிருந்தேன். துடைத்துவிட்டால் அவர் யாராக இருப்பார் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் வழக்கம்போல் கையெழுத்திட்டேன். இதுவும் அதுவும் ஒன்றுதான், இதுவும் அதுவும் ஒன்றுதான்.

சனிக்கிழமை மதியம் துடைத்தேன். ப்ளூஸ் சரியாக ஆறு நிமிடம் ஓடியது. நன்றாகத் தூங்கி எழுந்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு காரியமாகக் கிளம்பியவனின் வாசிப்பு. அவர் மூச்சு வாங்கியது அடுத்த அடிக்கு. அந்தக் கடைசி சுரத்தை அவர் விடவில்லை, வேண்டுமென்றே டிரம்முக்குக் கொடுத்திருந்தார். நல்ல வாசிப்புதான். நான் கேட்டுவந்ததைவிட நல்ல வாசிப்பு. எனக்கு எழுந்திருக்கக்கூடப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை மிஷினை ரிக்‌ஷாவில் ஏற்றி ரெட்டியார்பாளையம் போனேன். கடலூர் மாஸ்டர் ஏற்கெனவே வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வாத்தியப் பெட்டி மேஜைமேல் மூடியிருந்தது.

"அண்ணே, ஒரு தடவ கூட வாசிங்க."

"வந்தவர ஒக்கார வச்சிட்டா? உனக்கென்ன பைத்தியமா?"

"மிஷின்தான் மெதுவா ஓடிச்சி. நான் விட்ட எண்ணெய்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். நான் தட்டை ஓடவிட்டேன். இரண்டாம் வரியில் சேர்ந்துகொண்டார். தட்டு எது, அவர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் இரண்டும் ஒன்றாகப் போயின. உள்ளேயிருந்து அவர் மனைவி கரண்டியோடு வந்து நின்றார். கடலூர்க்காரர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் வேற எடம் பாத்துக்கறேங்க. இது விக்கிற கை இல்ல."

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பிய நண்பர் கேட்டார்:

"எப்ப தெரிஞ்சிது உனக்கு?"

"வியாழக்கெழம."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம."

நான் தட்டை எடுத்து உறையில் போட்டேன். அவர் வாத்தியத்தைத் துணியால் துடைத்தபடியே நின்றார். என் முகத்தில் என்ன கண்டாரோ, குரல் இறங்கியது.

"பழையபடிதான் வேணும்னா ரெண்டு சொட்டு எண்ண வுடு முஸ்யே. உன் சோகம் தானா திரும்பி வந்துடும். ஆனா நான் கூட வாசிக்க மாட்டேன்."

அந்த வருஷத் திருவிழாவில் அவர்தான் வாசித்தார். ஆகஸ்ட் மாதத்து முதல் ஞாயிற்றுக்கு எதிரே, நோட்டின் எண்ணெய்க் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. பழைய நேரங்களை நான் திருத்தவில்லை. 'அச்சுப்பிழை' என்று எழுதியதை மட்டும் அடித்திருக்கிறேன்.