தேங்காய் உடைச்ச கை

கையைப் பாத்து எதிர்காலம் சொல்லுறதுதான் என்ரை வேலை. சாத்திரம் இல்லை, பேஸ்போல். பாரிஸிலை ஒரு யூனிவர்சிட்டி அணிக்கு பிட்சர், அதாவது பந்து எறியிற ஆள், தெரிஞ்சு குடுக்கிறன். இப்ப கோணல்மாணலாய் எறியிற எவன் ரெண்டு வருசத்திலை தேறுவான், இப்ப வெளுத்துவாங்கிற எவன் தோள் கழண்டு வீட்டிலை கிடப்பான் எண்டு முன்கூட்டியே சொல்லவேணும். பிழைச்சால் ஏச்சு எனக்கு, பலிச்சால் பேர் பயிற்சியாளருக்கு. ஆள் தெரிவு செய்யிற தொழிலிலை மாட்டுப்பட்ட எவருக்கும் இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

போன வருசம் நிலைமை படுமோசம். எங்கடை ஒரே பிட்சர் படிப்பு முடிஞ்சு லியோனுக்கு வேலைக்குப் போயிட்டான். குளிர் தொடங்க முதல் இன்னொருத்தன் அகப்படாட்டில் அணியைக் கலைச்சு, மைதானத்தை ரக்பிக்காரருக்குக் குடுத்திடுவம் எண்டு மேலிடம் சொல்லிப்போட்டுது. எனக்கு அந்த அணி எண்டால் உயிர். பாரிஸுக்கு வெளியிலை வில்லியே லே பெல்லிலை இருந்து பஸ்ஸும் ரெயிலும் மாறி மாறி நான் வாறதே அந்தப் புதன்கிழமைப் பின்னேரங்களுக்காகத்தான்.

ஓடி வந்த பிள்ளை

முதல் வந்தவன் எங்கடை தமிழ்ப் பொடியன். கிரிக்கெட் விளையாடிற குடும்பம். பயிற்சியாளர் லூக் அவன்ரை கையிலை பந்தைக் குடுத்து, நடுவிலை இருக்கிற சின்ன மேட்டைக் காட்டினார். பிட்சர் அந்த மேட்டிலை நிண்டபடிதான் எறியவேணும். பொடியன் வடிவாய்த் தலையாட்டினான். ஆட்டிப்போட்டு மேட்டிலை இருந்து விறுவிறெண்டு பின்னாலை நடக்கத் தொடங்கினான். நடக்கிறான், நடக்கிறான், கார் விடுற இடமட்டும் போய்த்தான் திரும்பினான். எனக்கு விளங்கிவிட்டுது. லூக்குக்கு விளங்கேல்லை.

ஓடி வந்த அழகைப் பாத்து எனக்கே கைதட்ட வேணும் போலை இருந்துது. முழங்கை மடியாமல் கையைச் சுழட்டி நிலத்திலை ஒரு குத்து. பந்து எழும்பி, அங்காலை குந்தியிருந்து பிடிக்கிறவன்ரை முழங்காலிலை பட்டுது. அவன் காலைப் பிடிச்சுக்கொண்டு உருள, எங்கடை ஆள் ரெண்டு கையையும் தூக்கி அவுட் கேக்கிறான். நாயோடை போன ஒரு கிழவரைத் தவிர அங்கை தீர்ப்புச் சொல்ல ஒருத்தரும் இல்லை. இந்த விளையாட்டிலை ஓடக் கூடாது எண்டு மெல்லச் சொன்னன். பொடியன் என்னைப் பரிதாபமாய்ப் பாத்தான். "நிண்ட இடத்திலையே எறியிறதெண்டால் அங்கிள், இவ்வளவு பெரிய கிரவுண்ட் என்னத்துக்கு?"

ரூ பெர்தொனே தெருவிலை தோள் பாத்தது

பிறகு நான் ரோட்டிலையே ஆள் தேடத் தொடங்கினன். பாரிஸின்ரை தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலிலை நல்ல தோளுக்குப் பஞ்சமில்லை. படிக்கிற பொடியள் கனபேர் சனி ஞாயிறிலை கடையளுக்கு அரிசி மூட்டை இறக்கிறவை. விரல் நீளம், தோள் அகலம், இடுப்பு திரும்பிற லாவகம் எல்லாத்தையும் நிண்டு பாப்பன். பிடிச்சுப்போச்செண்டால் விசாரணை. "என்ன உயரம் தம்பி? எங்கை படிக்கிறீர்? சிகரெட் பழக்கம் இருக்கோ? ஒருக்கால் திரும்பி நில்லும் பாப்பம்."

எனக்குக் கலியாண வயசிலை ஒரு மகள் இருக்கிறாள் எண்டது அந்த நேரம் என்ரை மண்டையிலை ஓடேல்லை. லாச்சப்பலிலை மற்ற எல்லாரின்ரை மண்டையிலையும் ஓடியிருக்கு. நான் வழமையாய்த் தேத்தண்ணி குடிக்கிற கடைக்காரர் சிவா அண்ணை, வடையைக் கொண்டுவந்து வைச்சிட்டு, மாப்பிள்ளை விசாரிக்கிறதெண்டால் தன்னட்டைக் கேக்கச் சொன்னார். ரோட்டிலை வைச்சுப் பொடியளின்ரை தோளை அமத்திப் பாக்கிறது வடிவில்லையாம். பேஸ்போலுக்கு அண்ணை எண்டன். அந்தாள் சிரிச்சார். "ஓம், ஓம். எல்லாத் தகப்பன்மாரும் முதல் ஏதாவது அப்பிடித்தான் சொல்லுறவை."

தேர் அண்டைக்கு

லாச்சப்பல் பிள்ளையார் கோயில் தேர்த்திருவிழா வந்துது. ரூ பிலிப்-து-ஜிரார் தெரு மூலையிலை மஞ்சள் பூசின தேங்காய்க் குவியல். பொடியள் எடுத்து எடுத்து ரோட்டிலை அடிக்கினம். சனமெல்லாம் பிள்ளையாரைப் பாக்குது, நான் தேங்காய் எறியிற கையளைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். பிள்ளையாருக்கும் என்ரை கஸ்டம் தெரியும்தானே.

அதிலை ஒரு நெடுவல், நல்ல உயரமான பொடியன். அவன் அடிச்ச தேங்காய் ஒண்டுகூட உடையேல்லை. உருண்டு உருண்டு படம் எடுக்க வந்த வெள்ளைக்காரரின்ரை காலுக்குள்ளை போகுது. சரிவராது எண்டு நான் திரும்பப்போக, பக்கத்திலை நிண்ட அவன்ரை தாய் தேர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக் கும்பிட்டா. பொடியன் சுத்திமுத்திப் பாத்தான். தேங்காயை இடக்கைக்கு மாத்தினான். பிறகு கேட்டது சத்தம் மட்டும்தான். சிரட்டை ஒரு பக்கம், தேங்காய்ச் சொட்டு ஒரு பக்கம், தண்ணி முழுக்க என்ரை வேட்டியிலை. பேஸ்போலிலை இடக்கை பிட்சர் எண்டால் பொன். அடிக்கிறவங்களுக்கு அந்தக் கையைப் பாத்துப் பழக்கமில்லை. எனக்குச் சந்தோசத்திலை கால் நிலத்திலை நிக்கேல்லை.

பாய்ஞ்சுபோய்ப் பொடியன்ரை கையைப் பிடிச்சன். பேர் அருண், படிக்கிறது எங்கடை யூனிவர்சிட்டியிலையாம். புதன்கிழமை மைதானத்துக்கு வாரும், எறிஞ்சு காட்டும் எண்டு சொல்லி வாய் மூடேல்லை, தாய் நடுவிலை வந்து நிண்டா. என்னை மேலும் கீழும் பாத்தா. "உங்களைப் பற்றிச் சிவா அண்ணை சொன்னவர். புதன்கிழமை நானும் வருவன். இப்பிடியான விசயம் பெரியாக்கள் இல்லாமல் கதைக்கக் கூடாது."

வலக்கையும் இடக்கையும்

சொன்னபடி வந்தா. பட்டுச் சீலை, கையிலை ஒரு பெட்டி பயித்தம் பணியாரம். அருணுக்குத் தலை இழுத்து வகிடு எடுத்திருந்துது. மேட்டிலை ஏறினான், தாயைப் பாத்தான், வலக்கையாலை எறிஞ்சான். பந்து மரத்துக்குள்ளை போச்சு. அடுத்தது லூக்கின்ரை தலைக்கு மேலாலை. வேலிக்கு அங்காலை நிண்டு மைதானத்தை அளந்துகொண்டிருந்த ரக்பிக்காரரை லூக் திரும்பிப் பாத்தார்.

தாயட்டை ஓடிப்போனன். அக்கா, பொடியன் இடக்கைதானே எண்டு கேக்க, அவ குரலைத் தாழ்த்தினா. சின்னனிலை இருந்து சோறு தின்ன, கோயிலிலை குடுக்க வாங்க எல்லாத்துக்கும் வலக்கையைப் பழக்கித்தான் வைச்சிருக்கிறாவாம். "பெண் வீட்டுக்காரருக்கு முன்னாலை இடக்கையை நீட்டப்படாது எண்டு நான்தான் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தனான். அது ஒரு குறையே அண்ணை?"

எனக்குச் சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியேல்லை. அக்கா, நான் பெண் வீட்டுக்காரன் இல்லை, எனக்கு வேண்டியது அந்த இடக்கை மட்டும்தான் எண்டன். அவ பணியாரப் பெட்டியை மூடினா. பிறகு மேட்டைப் பாத்து, இடக்கையாலை எறி எண்டா.

பொடியனுக்குக் கட்டு அவிட்டுவிட்ட மாதிரி. பந்து போய்க் கையுறையிலை விழுந்த சத்தத்துக்கு ரக்பிக்காரர் அளக்கிறதை விட்டுட்டுத் திரும்பினவை. பிடிச்சவன் கையை உதறினான். லூக் பிரெஞ்சு வழக்கப்படி என்ரை கன்னத்திலை மாறி மாறிக் கொஞ்சினார். தாய் மட்டும் மகனையே பாத்துக்கொண்டு நிண்டா. எறியிறது இடக்கை எண்டால் கையுறை வலக்கையிலை. திரும்பி வாற பந்தை வலக்கையாலை வாங்கினான். அவவின்ரை முகம் தெளிஞ்சுது. பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு பணியாரம் எடுத்துத் தந்தா. "வாங்கிறது வலக்கையாலைதானே. குடுக்கிறது எதிரிக்கு, அவனுக்கு இடக்கை போதும்."

இப்ப அணி இருக்கு, மைதானம் இருக்கு, லாச்சப்பலிலை மட்டும் நான் நல்ல இடத்துப் பொடியனைப் பாத்துப்போட்டுக் கலியாணத்துக்குக் கையை விரிச்ச தகப்பன்.