தெய்வானை மேடத்தின் பச்சைக் குளம்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை முதல் வகுப்புக்குக் கிளம்பும்போது துறைத் தொலைபேசி அடித்தது. துடியலூரிலிருந்து தெய்வானை மேடத்தின் கணவர். "தெய்வானை போயிட்டாளுங்க மேடம். நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க" என்றார். மதியத்துக்குள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'இயற்கையை நேசித்த விலங்கியல் பேராசிரியை' என்று எழுதி, கீழே கல்லூரி முதல்வரின் கையெழுத்து. எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. அவருடன் வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் காரணம் தெரியும். மறந்தது போல இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சூழலியல் ரெக்கார்டு நோட்டில் உணவுச் சங்கிலி வரையச் சொன்னால், மாணவர்கள் சீனியர் நோட்டைப் பார்த்துப் புல், மான், புலி என்று வரைந்து வருவார்கள். எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். தெய்வானை மேடம் போட மாட்டார். "இந்தப் புலியை நீங்க எங்க பாத்தீங்க கண்ணு? பாத்ததை வரைங்க. பாக்காததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு மைதானத்துக்குப் பின்னாலிருந்த குளத்துக்கு எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போவார். நான் தாவரவியல் என்பதால் என்னையும் இழுத்துக்கொள்வார். பச்சைப் பாசியை நான் சொல்வேன். பாசியைத் தின்னும் நுண்ணுயிர்கள், அவற்றையும் கொசுப்புழுக்களையும் தின்னும் சிறு மீன்கள், மீனுக்காக ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு என்று மீதியை அவர் சொல்வார்.

பல்கலைக்கழக ஆய்வுக் குழு வரப்போகிறது என்றதும் முதல்வருக்கு அந்தப் பச்சை உறுத்தியது. வேதியியல் படித்தவர். பச்சை என்றால் அழுக்கு என்று முடிவுகட்டி, மூட்டை மூட்டையாக ப்ளீச்சிங் பவுடர் வாங்கினார். நாங்கள் இருவரும் அவர் அறைக்குப் போனோம். "பச்சைதானுங்க சார் அங்க அடுப்பு. அதை அணைச்சுப்போட்டா அத்தனையும் பட்டினிங்க" என்றார் மேடம். முதல்வர் சிரித்தார். "நீங்க பாடத்தைப் பாருங்க அம்மணி, நிர்வாகத்தை நாங்க பாத்துக்கறோம்."

குளம் கண்ணாடி மாதிரி ஆனது. செத்து மிதந்த மீன்களை அள்ளிப் புதைத்த பிறகுதான் குழு வந்தது. சுத்தமான வளாகம் என்று பாராட்டிவிட்டுப் போனது.

அடுத்த மழைக்குக் கொசு பெருகியது. பெருகாமல் என்ன செய்யும்? புழுவைத் தின்ன ஒரு மீன்கூட இல்லையே. விடுதியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். குளம்தான் காரணம், மூடிவிடலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் தீர்மானம் வந்தபோது மேடம் எழுந்தார். "மீனைக் கொன்னது நாமங்க. மறுபடி மீனை விட்டாப் போதும். குளம் என்னங்க பண்ணுச்சு?" நானும் எழுந்து அதையே சொன்னேன். மற்றவர்கள் தேநீரைக் கவனமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கோடை விடுமுறையில் லாரி லாரியாக மண் கொட்டினார்கள். கல்லூரி திறந்தபோது சூழலியல் பாடமும் அவர் கையைவிட்டுப் போயிருந்தது. உயிரியல் கற்றுத்தரும் இடத்தில் உயிரைக் காப்பாற்றப் பேசியதற்கு அதுதான் கூலி.

அந்த மண்மேல் கட்டிய புதிய அரங்கில்தான் போன வாரம் அவருக்கு இரங்கல் கூட்டம். பள்ளமான இடம்; மழைத் தண்ணீர் இன்னும் அங்கேதான் வந்து தேங்குகிறது. மௌன அஞ்சலிக்கு எழுந்து நின்றோம். அங்கங்கே கையிலும் காலிலும் கொசு அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முதல்வரும் ஒன்று அடித்தார். அந்த அரங்கில் உண்மை பேசியது கொசு மட்டும்தான்.

பிறகு இரங்கல் தீர்மானம் கைமாறி வந்தது. 'அவரது இயற்கை ஆர்வத்துக்குக் கல்லூரி என்றும் துணைநின்றது' என்று எழுதியிருந்தது. எனக்கு முந்திய எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் பேனாவை மூடினேன்.

"போட்டுருங்க மேடம், செத்தவங்களுக்கு மரியாதைங்க" என்றார் முதல்வர்.

"பாக்காததுக்குப் போட மாட்டேனுங்க சார்" என்றேன்.

தெய்வானை மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். குளத்தை மூடியது யார் என்று அந்தத் தாளில் ஒரு வரி சேர்க்கட்டும், கையெழுத்துப் போடுகிறேன். தாள் இன்னும் திரும்பி வரவில்லை.