பெஞ்சின் காலை இடித்த செருப்பு

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டின் மழைக்காலத்தில், இரண்டரை வயதாகியும் பேச்சு வராத என் பேத்தியைச் சிதம்பரத்துக் குழந்தை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். கடலூரில் இல்லாத மருத்துவரா என்ற சந்தேகம் பேருந்தில் ஏறும்போதே எனக்கு இருந்தது. அழைத்துச் செல்வதில் பிடிவாதமாக நின்றவள் என் மகள்.

மருத்துவரான அந்த அம்மையார் நாடி பார்க்கவில்லை. மரக்கட்டைகளைக் குழந்தையின் முன் பரப்பிவிட்டு, கழுத்து எப்போது நின்றது, எப்போது நடந்தாள், வேண்டியதை விரல் நீட்டிக் கேட்பாளா என்று விசாரித்து, வாக்குமூலம் போல எழுதிக்கொண்டார். விளையாட்டுக் காட்டுகிறவரை எவ்வாறு நம்புவது?

பின்னர் பேத்தியின் முதுகுப்புறம் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினார். அவள் திரும்பவில்லை.

"காது டெஸ்ட் ஒண்ணு எடுத்துடலாம்மா."

"காதுக்கு என்னங்க? கதவ சாத்துனா திரும்பிப் பாக்குறா," என்றேன். சோதனைக் கூடம் அவருக்கு வேண்டியவருடையதாக இருக்கும் என்று ஐயுற்றேன்.

"அப்ப நீங்களே கூப்பிட்டுப் பாருங்கய்யா."

பெஞ்சில் அமர்ந்திருந்த பேத்தியின் பின்னால் நின்று பெயர் சொல்லி அழைத்தேன். அழைத்தபோதே செருப்பு நுனியால் பெஞ்சின் காலை மெல்ல இடித்தேன். அறியாமல் செய்தேன் என்று எழுதினால் பொய்யாகும். அவள் திரும்பிச் சிரித்தாள்.

"பாத்தீங்களா டாக்டர்?"

அவர் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகளும் பார்த்துவிட்டாள்.

"ஏம்ப்பா, இது என்னா பரீட்சையா, பிட்டு குடுக்குறீங்க?"

"அதிர்வு பட்டா புள்ளைங்க திரும்பும்யா. கதவு சாத்துறதும் அதான்," என்றார் மருத்துவர். "பேச்சு வர்ற வயசு இது. தள்ளிப் போட்டா கஷ்டம் அவளுக்குத்தான்."

செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று அழைத்தேன். மறுபடியும் அழைத்தேன். மூன்றாம் முறை, வாசலில் சீட்டுக் கொடுக்கும் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பேத்தி கட்டைமேல் கட்டையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டெஸ்ட்ட வேற எடத்துல எடுக்கலாங்களா?" என்று கேட்டேன். அப்போதும் என் புத்தி அதுதான்.

"எங்க வேணா எடுங்கய்யா. இந்த வாரமே எடுங்க."

கடலூரில் எடுத்தோம். இரு காதுகளிலும் கேட்கும் திறன் குறைவு என்றே அங்கும் சொன்னார்கள். இரண்டு காதுகளுக்கும் கருவி பொருத்தி, பேச்சுப் பயிற்சிக்கும் அனுப்பினோம்.

சில மாதங்கள் கழித்து ஒரு பகற்பொழுதில், கூடத்தின் சிமெண்டுத் தரையில் எனக்கு முதுகு காட்டி விளையாடிக்கொண்டிருந்தவளைத் தாழ்ந்த குரலில் அழைத்தேன். திரும்பினாள். நான் முதலில் குனிந்து என் கால்களைத்தான் பார்த்தேன். அவை அசையாமல் இருந்தன.