முதல் பாதி மட்டும்

தோர்ண்டன் ஹீத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலைக்கு முன்னால், பிள்ளைகளை வீதி கடத்திவிடும் வேலை ஜெயகௌரிக்கு. மஞ்சள் மழைக்கோட்டும் வட்டப் பலகை பூட்டிய நீண்ட தடியுமாக அவள் வீதியின் நடுவுக்கு இறங்கினால் இரட்டைத் தட்டு பஸ்ஸும் நிற்கும், சீமெந்து லொறியும் நிற்கும். ஒன்பது வருடமாக இப்படித்தான். ஆனால் வீட்டில் அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தேடிப் பிடிக்க முடியாது. அடுப்பை அணைத்தோமா என்று பஸ் தரிப்பிடத்திலிருந்து திரும்பி வருவாள். தொலைபேசி அடுத்தடுத்து இரண்டு தரம் அடித்தால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்ற முடிவோடுதான் கையிலெடுப்பாள். கணவர் ஸ்ரீதரனுக்கு இதெல்லாம் பகிடி.

உதைபந்தாட்டத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது முழுவதும் ஸ்ரீதரனுடைய தொலைக்காட்சி உபயம். ஜேர்மனியில் இருந்த பதினொரு வருடமும் சரி, லண்டனுக்கு வந்த பிறகும் சரி, சனிக்கிழமைகளில் மனுஷன் கதிரையை விட்டு அசைய மாட்டார். பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே அவளும் பார்ப்பாள். ஓவ்சைட் விதி இன்றுவரை பிடிபடவில்லை. ஒன்று மட்டும் நன்றாகப் பிடிபட்டிருந்தது. கோட்டோரம் நிற்கும் ஒருவர் இலக்கங்கள் எரியும் பலகையைத் தூக்கிக் காட்டுவார். சிவப்பில் எரியும் இலக்கத்துக்குரியவன் வெளியே வந்து, மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாங்கில் குந்துவான். அதோடு அவன் கதை சரி. அழுதாலும் புரண்டாலும் அன்றைக்குத் திரும்ப இறங்க முடியாது. அந்த ஒரு விதியை நம்பித்தான் அவள் தன் ஆயுசிலேயே பெரிய முட்டாள்தனத்தைச் செய்தாள்.

மகள் தனுஷியா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். பெண்கள் அணியில் பின்காப்பு விளையாடுகிறவள். சனிக்கிழமை பூங்காவில் சிநேகிதிகளோடு சும்மா பந்தடித்தபோது இன்னொருத்தியின் தலை இவளுடைய நெற்றிப்பொட்டில் மோதிவிட்டது. வீட்டுக்கு வந்தவள் வாய் திறக்கவில்லை. ஞாயிறு காலை குளியலறையில் அவள் ஓங்காளித்துச் சத்தி எடுக்கிற சத்தம் கேட்டுத்தான் ஜெயகௌரி கதவைத் தட்டினாள். லைட்டைப் போட்டதும் பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டாள். பிறகுதான் பூங்காவில் நடந்ததைச் சொன்னாள்.

ஜெயகௌரி உடனே தொலைபேசியில் தேடினாள். தலையில் பட்ட அடி ஆறுவதற்கு முன் இன்னொரு அடி பட்டால் என்ன நடக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது. பாதிக்கு மேல் வாசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. டொக்டரிடம் போவோம், கோச்சுக்குச் சொல்லுவோம் என்றாள். அதுதான் கூடாது என்று தனுஷியா காலைப் பிடிக்காத குறை. கோச்சுக்குத் தெரிந்தால் குறைந்தது மூன்று கிழமை இறக்க மாட்டார்கள். புதன்கிழமை அரையிறுதி. மூன்று வருடத்தில் இவர்களுடைய அணி இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை. அப்பாவுக்கும் மூச்சு விடக்கூடாது.

இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு ஒரு பேரத்துக்கு வந்தார்கள். தனுஷியா முதல் பாதி மட்டும் விளையாடுவாள். பந்தைத் தலையால் தொட மாட்டாள். இடைவேளைக்கு முன் கால் பிடித்துவிட்டது என்று சொல்லித் தானாகவே வெளியே வந்துவிடுவாள்.

"வெளியில வந்தா பிறகு இறங்க ஏலாதுதானே?" என்று ஜெயகௌரி கேட்டாள்.

"ரீவியில பாக்கிறனீங்கள்தானே அம்மா."

அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள் பேதை. பிள்ளையின் ஆசையும் கெடாது, தலையும் தப்பும், நாற்பத்தைந்து நிமிடம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

புதன் பின்னேரம் ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக லீவு போட்டுவிட்டு மைதானத்துக்குப் போனாள். தொலைக்காட்சியில் கண்ட எதுவும் அங்கே இல்லை. இருக்கை இல்லை, திரை இல்லை, நேரம் காட்டும் மணிக்கூடு இல்லை. ஒரு நடுவர், ஒரு கயிறு, கோட்டோரம் நாய்களோடு சில பெற்றோர். எல்லைக்கோட்டில் கொடி பிடித்தவளே இவர்களுடைய அணியில் இருந்து மிஞ்சிய ஒருத்தி. இலக்கப் பலகையை ஜெயகௌரி எங்கெங்கோ தேடினாள். அதுவும் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. அவள் பந்தைப் பார்க்கவேயில்லை. மகளின் நெற்றியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். பந்து மேலே எழும்பும்போதெல்லாம் அவளுடைய மூச்சும் நின்றது. கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தாள், பன்னிரண்டு நிமிடம். வெகுநேரம் கழித்து என்று நினைத்துத் திரும்பப் பார்த்தாள், பதினான்கு. நேர்த்தி வைக்காத கோயில் இல்லை.

நாற்பதாவது நிமிடத்தில் தனுஷியா தொடையைப் பிடித்துக்கொண்டு கையைக் காட்டினாள். பலகையும் இல்லை, அறிவிப்பும் இல்லை. கோச் ஒரு பெயரைக் கூப்பிட்டார், ஒருத்தி உள்ளே போனாள், இவள் வெளியே வந்தாள். நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாங்கில் குந்தினாள். ஜெயகௌரிக்குக் கண் நிறைந்துவிட்டது. பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு வாயில் ருசி தெரிந்தது.

இரண்டாம் பாதியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல் விழுந்தது. இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது தனுஷியா எழும்பி மேலங்கியைக் கழற்றினாள். குளிரில் ஏன் கழற்றுகிறாள் என்று ஜெயகௌரி நினைத்தாள். பிள்ளை கோட்டோரம் போய் நின்றாள். யாரையோ உற்சாகப்படுத்தப் போகிறாள் என்று நினைத்தாள். பந்து வெளியே போனது, ஒருத்தி ஓடி வந்தாள், அவளுடைய கையைத் தட்டிவிட்டுத் தனுஷியா உள்ளே ஓடினாள்.

பக்கத்தில் நாயோடு நின்ற வெள்ளைக்காரத் தகப்பனிடம், வெளியே வந்தவள் எப்படித் திரும்பப் போகலாம் என்று ஜெயகௌரி ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு, இது தொழில்முறை ஆட்டம் இல்லையே, மாணவர் போட்டியில் போகலாம் வரலாம், எத்தனை தரமும் மாறலாம் என்றார். நல்ல விதி, எல்லாப் பிள்ளைகளுக்கும் விளையாடக் கிடைக்கும் என்றும் சொன்னார்.

பிள்ளைக்கு இது முதலே தெரியும். தெரிந்துகொண்டுதான் ரீவியைக் காட்டிவிட்டாள். கோபம் வருவதற்குக்கூட ஜெயகௌரிக்கு நேரம் இருக்கவில்லை, பயம் முந்திக்கொண்டது. எதிரணிக்கு மூலை உதை கிடைத்திருந்தது. கோலுக்கு முன்னால் பதினைந்து தலைகள் நெருக்கியடித்து நின்றன. அதில் ஒன்று தனுஷியாவுடையது.

ஜெயகௌரி கயிற்றுக்குக் கீழால் குனிந்து உள்ளே போனாள். ஓடவில்லை. வீதிக்கு இறங்குகிற அதே நடை. தடி இல்லாத இடது கை தானாகவே பக்கவாட்டில் நீண்டது. மூலையில் பந்தை வைத்த பெண் அவளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். நடுவர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். யாரோ கத்தினார்கள். அவள் ஒரு சொல்லும் விடாமல், சனிக்கிழமை அடியையும் ஞாயிற்றுக்கிழமை சத்தியையும் நடுவரிடம் சொன்னாள்.

தனுஷியாவின் முகம் இறுகிவிட்டது. தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அம்மா, வீட்டை போங்கோ."

"நீ வெளியில வா. வந்தாத்தான் போவன்."

தலையில் அடி என்ற சந்தேகம் இருந்தால் போவதும் வருவதும் இல்லை, வெளியே போனால் போனதுதான், எந்த மட்டத்து ஆட்டமாக இருந்தாலும் சரி என்று சொல்லி நடுவர் கோட்டைக் காட்டினார். கோச் வந்து, இன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள் என்றார். மற்றப் பிள்ளைகள் ஜெயகௌரியைப் பார்த்த பார்வையை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள். கடைசி நிமிடத்தில் இன்னொரு கோலும் விழுந்து தோற்றார்கள்.

பஸ்ஸில் மேல்தட்டு வேண்டாம் என்று கீழே இருந்தார்கள். தனுஷியா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி இந்தப் பிள்ளை தன்னோடு கதைக்காமலே விட்டுவிடுமோ என்று ஜெயகௌரி பயந்தாள். நாலைந்து தரிப்பிடம் தாண்டியது.

"எத்தனைக்கு எத்தனை முடிஞ்சது?" என்று தனுஷியா கேட்டாள்.

கேட்டாளே என்று ஜெயகௌரிக்கு உயிர் வந்தது. "ரெண்டுக்கு ஒண்டு. தோத்துப்போனீங்களம்மா."

தனுஷியா தலையை ஆட்டினாள். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஒரு தாய் தள்ளுவண்டியை ஏற்றினாள். பஸ் திரும்பப் புறப்பட்டது.

"அம்மா, எத்தனைக்கு எத்தனை முடிஞ்சது?"

அதே குரல். அதே முகம். முதல் தரம் கேட்கிறவளின் ஆவல் அதில் அப்படியே இருந்தது.

"ரெண்டுக்கு ஒண்டு" என்றாள் ஜெயகௌரி. குரலை மாற்றாமல் சொன்னாள். அவளுடைய கை பஸ் மணியை அழுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்கு இன்னும் ஆறு தரிப்பிடம், ஆஸ்பத்திரிக்கு அடுத்தது.

அவசரப் பிரிவில் கணினிக்குப் பின்னால் இருந்த தாதி பெயரைக் கேட்டாள், பிறந்த திகதியைக் கேட்டாள், எப்போது அடிபட்டது என்று கேட்டாள். சனிக்கிழமை என்று ஜெயகௌரி சொன்னதும் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. இன்றைக்குப் புதன்கிழமை அல்லவா, உங்களுக்கு எப்போது தெரியும் என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

தனுஷியா தாயின் தோளில் சாய்ந்திருந்தாள். சின்ன வயதில் வீதி கடக்கும்போது பிடிப்பதைப் போல, அவளுடைய இரண்டு விரலைப் பிடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையே தெரியும் என்று ஜெயகௌரி சொன்னாள்.